ரெய்கி பழக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரெய்கியில் செய்வது இவ்வளவுதான். உடுத்திய உடையோடு ஒருவர் படுத்திருப்பார் அல்லது உட்கார்ந்திருப்பார். இன்னொருவர் தன் உள்ளங்கைகளை அவருடைய தலை, தோள், வயிறு, முதுகு, கால் என்று ஒவ்வோர் இடமாக அழுத்தாமல் வைத்து, சில நிமிடம் அப்படியே வைத்திருப்பார். எண்ணெய் கிடையாது, நீவுதல் கிடையாது, மருந்து கிடையாது. தனக்குத்தானேயும் செய்துகொள்ளலாம். புதிதாக வருகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மதுரைப் பக்கம் மந்திரித்துத் திருநீறு போடுவதும், பிள்ளைக்குத் திருஷ்டி சுற்றிப் போடுவதும் வீட்டுக்கு வீடு பழகியவை. அதனால் "இதுவும் அது மாதிரிதானே?" என்ற கேள்வி முதல் நாளே வரும். ரெய்கியில் நோய் இன்னதென்று கண்டுபிடிப்பதில்லை, குறி சொல்வதில்லை, பரிகாரம் சொல்வதில்லை. "உங்களுக்குச் செய்வினை இருக்கிறது, கையில் தெரிகிறது" என்று ஒருவர் சொன்னால் அவர் வேறெதையோ ரெய்கி என்ற பெயரில் செய்கிறார். எழுந்து வந்துவிடுங்கள்.

வகுப்புக்குப் பணம் கட்டும் முன்பே வீட்டில் ஒன்றைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். சர்க்கரை, பிரஷர், தைராய்டு, வலிப்பு, காசநோய், மனநோய் என எதற்கு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தாலும் அது அப்படியே ஓடும். இன்சுலின் அளவு குறையாது. டாக்டர் சொன்ன தேதியில் டெஸ்ட் நடக்கும். ரெய்கி இதற்கெல்லாம் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் துணைப் பயிற்சி. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் எழுதிக் கொடுத்த மருத்துவரின் வேலை.

எங்கிருந்து வந்தது, எவ்வளவு நம்பலாம்

ஜப்பானைச் சேர்ந்த மிகாவோ உசுயி (1865–1926) கியோட்டோவுக்கு அருகிலுள்ள குராமா மலையில் 21 நாள் உண்ணாநோன்பு இருந்து இதை உணர்ந்ததாக அந்த மரபு சொல்கிறது. 1922-ல் தோக்கியோவில் கற்பிக்கத் தொடங்கினார். அவருடைய மாணவரான ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி சுஜிரோ ஹயாஷி ஒரு சிகிச்சை நிலையம் நடத்தினார். அங்கே உடம்பு சரியில்லாமல் வந்து, பிறகு மாணவியாகத் தங்கியவர் ஹவாயோ தகாத்தா. ஹவாயில் பிறந்த அவர் வழியாகத்தான் ரெய்கி மேற்கே போனது. 1980-ல் அவர் மறையும் முன் 22 பேரை ஆசிரியர்களாக்கியிருந்தார். இந்தியாவில் இன்று நடக்கும் பெரும்பாலான வகுப்புகளின் குருவரிசை இவரிடம்தான் போய்ச் சேர்கிறது. ஏழு சக்கரங்களை வைத்துக் கற்றுக்கொடுப்பது பின்னால் மேற்கில் சேர்ந்துகொண்ட பகுதி. உசுயி கற்பித்ததில் அது இல்லை. சக்கரம் சொல்லித் தருகிற வகுப்பு தவறு என்று இதற்கு அர்த்தமில்லை, ஆனால் அதை ஜப்பானிய மூலம் என்று சொல்லி விற்பது சரியில்லை.

கைவழியே உயிர்ச்சக்தி பாய்கிறது என்பது பயில்கிறவர்களின் நம்பிக்கை. அப்படியொரு சக்தியை எந்தக் கருவியும் இதுவரை அளந்து காட்டியதில்லை. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் ரெய்கி உதவுமா என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2015-ல் வெளியிட்ட தொகுப்பாய்வுக்கு மூன்றே ஆய்வுகள்தான் கிடைத்தன. உதவும் என்றோ உதவாது என்றோ சொல்ல அவை போதாது என்று அது முடித்தது. கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் நடந்த இன்னோர் ஆய்வில், ரெய்கி பயின்றவர் கை வைத்த நோயாளிகளும், பயிற்சியே இல்லாதவர் அதேபோல் கை வைத்த நோயாளிகளும், இரு தரப்பாருமே இதமாக இருந்ததாகச் சொன்னார்கள்.

இதை மறைக்காமல் சொல்லித்தான் பழக வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. முக்கால் மணி நேரம் போன் இல்லாமல் கண்மூடிப் படுத்திருப்பதும், அக்கறையுள்ள ஒருவர் அவசரமில்லாமல் தொட்டுக்கொண்டிருப்பதும் சாதாரண விஷயமல்ல. படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைக் கவனிக்கிற மருமகளுக்கும், ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டுத் தூங்காமல் கிடக்கிறவருக்கும் அந்த அமைதி தேவைப்படுகிறது. ரெய்கியிடம் அதைக் கேளுங்கள், கிடைக்கும். கட்டி கரையும், கல் கரையும், சர்க்கரை இறங்கும் என்று கேட்டுக் காத்திருந்தால், காத்திருக்கும் நாளில் நோய் முற்றும்.

ஆசிரியரைப் பார்ப்பது

ரெய்கி ஆயுஷ் அமைச்சகத்தின் மருத்துவ முறைகளில் ஒன்றல்ல. சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி படித்தவருக்கு இருப்பதுபோல அரசுப் பதிவு எண் ரெய்கி மாஸ்டருக்குக் கிடையாது. சுவரில் மாட்டிய சான்றிதழ் அவருடைய ஆசிரியர் கொடுத்தது, அவ்வளவே. ஆகவே ஆளைக் கேள்வி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

யாரிடம் கற்றீர்கள், அவர் யாரிடம் கற்றார் என்று உசுயி வரைக்கும் கேளுங்கள். ஒழுங்காகக் கற்றவர் தயங்காமல் சொல்லுவார். ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒவ்வொருவர் கையையும் ஆசிரியர் பார்த்துத் திருத்த வேண்டுமென்றால் எட்டுப் பத்துப் பேருக்கு மேல் தாங்காது. கட்டணத்தில் கையேடு, மதிய உணவு, வகுப்புக்குப் பிறகு கூடிப் பயிலும் நாட்கள் சேர்த்தியா என்று கேளுங்கள். முதல் நிலை, இரண்டாம் நிலை, மாஸ்டர் என மூன்றையும் ஒரே சனி ஞாயிறில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் போக வேண்டாம். முதல் நிலைக்கு ஒன்று அல்லது இரண்டு நாள் வகுப்பு வழக்கம். அதற்கும் இரண்டாம் நிலைக்கும் நடுவே குறைந்தது மூன்று மாதமாவது பயிற்சி ஓடட்டும்.

கடைசியாக, "எங்கப்பாவுக்குச் சர்க்கரை, ரெய்கி செஞ்சா மாத்திரைய நிறுத்திறலாமா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு பதிலைக் கேளுங்கள். "நிறுத்தக்கூடாது" என்று உடனே வந்தால் மேலே பேசலாம். இழுத்தால் வேண்டாம். சர்க்கரை நோய், புற்றுநோய் உள்ளிட்ட பல நோய்களைத் தீர்ப்பதாக மருந்துக்கோ மாந்திரீக வைத்தியத்துக்கோ விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டிலிருந்தே மத்தியச் சட்டம் தடுத்து வைத்திருக்கிறது. அப்படிப் பலகை வைத்திருக்கும் இடத்தின் வாசல்படி ஏற வேண்டியதில்லை.

முதல் நிலையில் ஆசிரியர் தீட்சை கொடுப்பார். கண்ணை மூடிக் கைகூப்பி உட்கார்ந்திருக்க, அவர் பின்னாலும் முன்னாலும் நின்று தலை, கைகளருகே சில சைகைகள் செய்வார். தகாத்தா வழியில் இது நான்கு முறை. ஒளி தெரியும், உடல் அதிரும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஒன்றும் தெரியாமல் எழுந்து வருவது மிகச் சாதாரணம். மதம் மாற வேண்டியதில்லை, எந்தச் சாமியையும் கும்பிடவோ விடவோ வேண்டியதில்லை. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் 2009-ல் தங்கள் நிறுவனங்களுக்கு ரெய்கி ஏற்றதல்ல என்று அறிவித்திருப்பதால், அதைப் பொருட்படுத்தும் குடும்பத்தினர் முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் பேசிக்கொள்வது மனச்சங்கடத்தைத் தவிர்க்கும்.

இடமும் நேரமும்

சித்திரை, வைகாசி வெயிலில் மதுரையில் மதியம் கை வைத்தால் வியர்வைதான் மிஞ்சும். காலை ஐந்திலிருந்து ஆறரைக்குள் முடித்துவிடுவது நல்லது. தெருவில் பால் வண்டிச் சத்தம் தவிர வேறு இருக்காது. கோயில் திருவிழா நாட்களில் குழாய் ஒலிபெருக்கி விடிகாலையிலேயே தொடங்கிவிடும். அந்த வாரத்துக்கு மட்டும் இரவு பத்து மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் வயிற்றில் கை வைத்ததும் ஏப்பமும் நெஞ்சுக்கரிப்பும் வரும்.

தரையில் பாய், அதன்மேல் மடித்த போர்வை, தலைக்கு மெல்லிய தலையணை, முழங்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை. முழங்காலடித் தலையணையைப் பலர் விட்டுவிடுகிறார்கள், பத்தாவது நிமிடம் இடுப்பு வலிக்கத் தொடங்குவது அதனால்தான். மேலே போர்த்திக்கொள்ள ஒரு பழைய சுங்குடிச் சேலை போதும். காற்றும் போகும், கொசுவும் கடிக்காது. கொசுவர்த்திப் புகை, கட்டி ஊதுபத்தி, தலைமாட்டில் நெருக்கிக் கட்டிய மல்லிகைச் சரம் எதுவும் மூடிய அறையில் வேண்டாம். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு அந்த வாசனையே வலியைக் கிளப்பிவிடும்.

மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். தோலில் உரசாமலிருக்க இது, வேறு காரணம் தேடவேண்டாம். போனை விமானப் பயன்முறையில் போட்டு, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மெல்லிய மணி அடிக்கும்படி வைத்துக்கொண்டால் நேரத்தைப் பற்றிய நினைப்பே வராது.

முதல் 21 நாள்: தனக்குத்தானே

உட்கார்ந்து கைகூப்புங்கள். இரு நடுவிரல் நுனிகளும் தொடும் இடத்தில் கவனத்தை வைத்து இரண்டு மூன்று நிமிடம். உசுயி காலையும் மாலையும் இப்படி உட்கார்ந்து சொல்லச் சொன்ன ஐந்து வரிகள் உண்டு. இன்று ஒரு நாள் கோபப்படாதே, கவலைப்படாதே, நன்றியோடிரு, உன் வேலையைக் கருத்தாகச் செய், பிறரிடம் அன்பாயிரு. தமிழிலேயே சொல்லலாம்.

அடுத்து உடம்பைத் துடைத்துவிடுவது. வலது கையை இடது தோளில் வைத்து நெஞ்சுக்குக் குறுக்காக வலது இடுப்பு வரை ஒரே இழுப்பாகத் துடையுங்கள். இடது கையால் வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு. மறுபடி முதல் பக்கம். பிறகு வலது கையால் இடது தோளிலிருந்து விரல்நுனி வரை, இடது கையால் வலது கை, மறுபடி இடது கை. அரை நிமிட வேலை.

இனி படுத்துக்கொள்ளுங்கள். விரல்கள் சேர்ந்திருக்கட்டும், உள்ளங்கை தண்ணீரை ஏந்துவதுபோல் லேசாகக் குழிந்திருக்கட்டும். கையின் கனம் மட்டும் இறங்கினால் போதும். ஒவ்வோர் இடத்திலும் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம்.

முதலில் கண்கள். உள்ளங்கைக் குழி கண்ணுக்கு மேலே நிற்க வேண்டும், கண்விழியில் படக்கூடாது. கையின் அடிப்பாகம் கன்ன எலும்பில் தங்கட்டும். மூக்கை அடைக்காதீர்கள். காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் முன்பே எடுத்துவிடுங்கள். கண்புரை ஆபரேஷனுக்கு எத்தனையோ ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து போகும் ஊர் இது. அப்படி ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் கண் டாக்டர் அனுமதிக்கும் வரை இந்த நிலையை விட்டுவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து இரு காதுகளையும் மூடினாற்போல் பொட்டுப் பக்கம். பிறகு பிடரிக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தலையைத் தாங்குங்கள். புதியவர்களுக்கு மிகவும் பிடித்துப்போகும் இடம் இதுதான், முதல் வாரத்திலேயே பலர் இதில் தூங்கிவிடுவார்கள். நான்காவது தொண்டை. இங்கே கையைத் தொண்டையில் வைக்கவே கூடாது. மணிக்கட்டுகள் கழுத்துப்பட்டை எலும்பில் தங்க, விரல்கள் தாடையை ஒட்டி மேலே நிற்கட்டும்.

உடம்பில் நெஞ்சு, விலாவுக்குக் கீழே மேல்வயிறு, தொப்புள், அடிவயிறு என்று நான்கு இடம். முன்பக்கம் முடிந்ததும் ஒருபுறம் திரும்பி எழுந்து உட்காருங்கள். கைகளைத் தோள்களின் மேல் போட்டுப் பின்கழுத்தை ஒட்டி ஒன்று, இடுப்பின் பின்பக்கம் ஒன்று, முழங்கால்கள், கடைசியில் பாதங்கள். ஆக மொத்தம் பன்னிரண்டு. மூன்று நிமிடமென்றால் 36, ஐந்தென்றால் ஒரு மணி நேரம். வேலைக்குப் போகிறவர்கள் மூன்று நிமிடக் கணக்கில் தொடங்குங்கள். ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்து நாலாம் நாள் விட்டவர்கள்தான் அதிகம்.

ஒரு நோட்டில் தினமும் நான்கு விவரம் எழுதுங்கள்: செய்த நேரம், முந்தைய இரவு தூங்கிய மணி, வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை, மாத்திரை போட்டாயிற்றா. 21-ஆம் நாள் முதல் வாரத்தையும் கடைசி வாரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தூக்கம் கூடியிருந்தால் தொடருங்கள். எதுவும் மாறவில்லை என்றால் அதையும் அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். "உங்களிடம் தடை இருக்கிறது, இன்னொரு தீட்சை எடுங்கள்" என்று பணம் கேட்பவருக்கு இடம் கொடுக்காதீர்கள்.

எங்கே தவறுகிறது

கை சூடாகவில்லை என்பது முதல் கவலை. சிலருக்குச் சூடு, சிலருக்கு ஊறல், சிலருக்கு ஒன்றுமேயில்லை. கை மூடியிருக்கும் இடத்தில் உடற்சூடு தேங்கும், அதுவும் இந்த ஊர் வெயிலில். சூட்டை வைத்து "இங்கே நோய் இருக்கிறது" என்று முடிவுகட்டாதீர்கள். பிறரிடம் அப்படிச் சொல்லவே சொல்லாதீர்கள்.

சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போவது முழங்கையை நெடுநேரம் மடக்கி வைப்பதால் வருவது. அங்கே ஓடும் நரம்பு இழுபடுகிறது. முழங்கைக்கு அடியில் மடித்த துண்டைக் கொடுத்து மடிப்பைக் குறையுங்கள். கையை நீட்டியும் மரப்பு போகவில்லை, மற்ற நேரத்திலும் வருகிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது முக்கியம்.

முடித்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் அதிகம். ஒருக்களித்துப் படுத்து, கையூன்றி உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து எழுந்திருங்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது இது. தீட்சைக்குப் பின் காய்ச்சல், வாந்தி, பேதி வந்தால் "உடம்பு சுத்தமாகிறது, கழிவு வெளியேறுகிறது" என்று சில வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம். சுத்திகரிப்பு என்று நான்கு நாள் வீட்டில் கிடப்பது உயிரோடு விளையாடுவது. 21 நாளுக்குள் வந்தாலும் காய்ச்சல் காய்ச்சல்தான், ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். அதேபோல நெஞ்சுவலி, ஒருபக்கம் கைகால் விழுதல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், வலிப்பு, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, வயல்வேலையில் பாம்புக்கடி என எது நேர்ந்தாலும் முதலில் 108. வண்டி வரும் வரை கையைப் பிடித்துத் தைரியம் சொல்லுங்கள், அதற்கு ரெய்கி என்று பெயர் வைக்க வேண்டியதில்லை.

பிறருக்குக் கை வைக்கும்போது

21 நாள் முடிந்த பிறகு, முதலில் வீட்டு ஆட்களுக்கு. வீட்டு ஆள் என்றாலும் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். "அத்தை, தோள்ல கை வைக்கப் போறேன், வைக்கலாமா? கூச்சமா இருந்தா சொல்லுங்க, எடுத்துர்றேன்." ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் இப்படி ஒரு வார்த்தை. வெளியாள் என்றால் அவர் வீட்டில் ஒருவர் அறையிலேயே இருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும். பெண்களுக்குப் பெண்கள் செய்வது நம் ஊருக்கு ஏற்றது. மார்பு, அடிவயிறு, தொடைப் பகுதிகளில் கை வைக்கவே வேண்டாம். ஒரு சாண் உயரத்தில் நிறுத்தலாம், அல்லது அந்த இடத்தை விட்டுவிடலாம். உடையைத் தளர்த்தச் சொல்வதற்கோ கழற்றச் சொல்வதற்கோ ரெய்கியில் எந்த நியாயமும் கிடையாது. சொல்கிறவர் மாஸ்டராக இருந்தாலும் வெளியே வந்து புகார் கொடுங்கள்.

தரையில் படுத்தவருக்குக் குனிந்து செய்தால் உங்கள் முதுகு போய்விடும், கயிற்றுக் கட்டிலும் தாழ்வு. வயதானவர்களுக்கு நாற்காலிதான் சரி. கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலியைத் தவிர்த்து, அசையாத மர நாற்காலியாகப் பாருங்கள். பின்னால் நின்று தோள்கள், தலையின் இருபக்கம். பக்கவாட்டில் நகர்ந்து நெற்றியும் பிடரியும், மேல்முதுகு. பிறகு ஒரு முக்காலி போட்டு முன்னால் உட்கார்ந்து முழங்கால்கள், பாதங்கள். ஆறு இடம், 20 நிமிடம். கர்ப்பிணிகள் மல்லாந்து நெடுநேரம் படுக்கக்கூடாது. இடதுபக்கம் ஒருக்களிக்க வையுங்கள் அல்லது உட்கார வையுங்கள். அம்மை, தீப்புண், ஆறாத புண், புதுத் தையல் உள்ள இடங்களில் கை படக்கூடாது. எலும்பு முறிந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே எடுத்து டாக்டர் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

இரண்டாம் நிலையில் சின்னங்களும், தூரத்தில் இருப்பவருக்கு அனுப்புவதும் கற்றுத்தருவார்கள். துபாயில் இருக்கும் மகனை நினைத்து அரை மணி அமைதியாக உட்காருவது தாய்க்கு ஆறுதல்தான். ஆனால் போட்டோ அனுப்பினால் இத்தனை ரூபாய்க்கு நோய் தீர்த்துத் தருகிறேன் என்பதை வியாபாரம் என்று மட்டுமே சொல்ல முடியும்.

பெரியாஸ்பத்திரியிலோ தனியார் மருத்துவமனையிலோ படுத்திருக்கும் சொந்தக்காரருக்குச் செய்ய விரும்பினால், முதலில் வார்டு நர்ஸிடம் கேளுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு என்றால் கேட்கவே வேண்டாம், வெளியிலேயே இருந்துவிடுங்கள். பார்வை நேரத்தில் மட்டும் போங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உங்களுக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் அன்று போக வேண்டாம். டிரிப் ஏறும் கை, ஊசி குத்திய இடம், குழாய்கள், கட்டுப் போட்ட இடம் எதையும் தொடக்கூடாது. கட்டில்மேல் உட்காராமல் ஸ்டூல் போட்டு, மறுபக்கத்துத் தோளிலோ பாதத்திலோ பத்து நிமிடம் கை வைத்தால் போதும். நடுவே நர்ஸ் மாத்திரை கொடுக்க வந்தால் உடனே கையை எடுத்து விலகி நின்று வழி விடுங்கள். நோயாளி தூங்கிப்போயிருந்தால் எழுப்பாமல், பக்கத்தில் துணைக்கு இருப்பவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.